குளிர்ந்த புகைக்குழாய்

மே மாதம் பதினான்காம் தேதி காலை ஆறேகால் மணிக்கு, தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள இட்லிக்காரச் சந்தில், பாய்லரின் புகைக்குழாயிலிருந்து பனி கொட்டியது. அன்று தாதர் மார்க்கெட்டில் தேங்காய் ஒன்று நாற்பத்திரண்டு ரூபாய். பனி முதலில் மாவுத்தூள் மாதிரி வந்தது, பிறகு துருவிய தேங்காய் மாதிரி வந்தது. தகரக் கூரைகளிலும், குழாயடியில் வரிசைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களிலும், சைக்கிளில் ஏற்றிக் கட்டியிருந்த இட்லிப் பாத்திரங்களின் மூடிகளிலும் விரல் கனத்துக்குப் படிந்தது. யாரும் கத்தவில்லை. யாரோ அரிசி மாவைச் சிந்திவிட்டதாக நினைத்து, கடைசி வீட்டுப் பிரேமலதா துடைப்பம் எடுத்து வந்து கூட்டினாள். கூட்டக் கூட்டக் கை விறைத்துப் போனதால்தான் அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மேலே பார்த்தாள். பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள். அன்று மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் இட்லி பத்து நிமிஷம் தாமதமாகப் போனது.

அந்தச் சந்தில் பதினான்கு வீடுகள், பதினான்கிலும் இட்லி வியாபாரம். முன்பு வீட்டுக்கு ஓர் அடுப்பு இருந்தது. ஒரு வருஷம் ஓர் அடுப்பு வெடித்து இரண்டு வீடு கருகியது. தீயை அணைக்கப் போன, சந்து முனைப் பட்டறை வெல்டர் தனசீலனுக்கு இடது கை முழங்கை வரை வெந்து, விரல்கள் மடங்காமல் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு பட்டறையை அவன் மனைவி ஏஞ்சலம்மாள் நடத்தினாள். அடுப்பு இருக்கும்வரை பயம்தான் என்று பதினான்கு வீடும் கூடிப் பேசி, உல்லாஸ்நகரில் மூடிக்கிடந்த சாயப்பட்டறை ஒன்றிலிருந்து ஒரு பாய்லரைக் கொண்டுவந்தன. நின்றநிலைப் பாய்லர். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு, பீப்பாய் உடம்பு. வயிற்றின் கீழே தீ, தீயைச் சுற்றித் தண்ணீர், தலைக்கு மேலே புகைக்குழாய். பாய்லரிலிருந்து இரும்புக் குழாய்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு இட்லிக் கொப்பரையிலும் ஆவியை விட்டன. பெண்கள் அதற்கு நெட்டையன் என்று பெயர் வைத்தார்கள். நெற்றியில் திருநீறு பூசினார்கள். ஏஞ்சலம்மாள் அதற்குக் கீழே சாக்பீஸால் ஒரு சிலுவை போட்டாள். அடுப்பு எடுத்த இடத்தில் ஒரு வீட்டில் கட்டில் வந்தது, ஒரு வீட்டில் தையல் மிஷின் வந்தது, ஒரு வீட்டில் மீன்தொட்டி வந்தது.

நெட்டையன் ஒரு நாளைக்கு மூன்று சிலிண்டர் தின்றான். அடியில் வட்டமாக வளைத்த ஒரு பைப்பில் ஓட்டை போட்டதுதான் பர்னர். தீ மஞ்சளாக எழும்பி, சுவரைத் தொடாமல் நேராகப் புகைக்குழாய் வழியே ஆகாயத்துக்கு ஓடும். டிசம்பரில் காக்கைகள் அந்தக் குழாய் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து குளிர் காய்ந்தன. மார்ச் மாதம் கேஸ் ஏஜென்சி ஆள் வந்து, ஜூன் ஒன்றாம் தேதி முதல் சந்துக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு சிலிண்டர்தான், சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு சிலிண்டர் என்றால் காலை எட்டு மணிக்கு நெட்டையன் அணைந்துவிடுவான்.

இதில் மற்ற எல்லாரையும்விட அதிகம் இழக்க இருந்தவள் கோமதியம்மாள். அறுபத்தொரு வயது, தனியாக இருந்தாள். அவள் மகன் மாரிக்கண்ணன் வாஷியில் மாடிக் கட்டிடங்களின் கேஸ் லைன்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தான். ஏழு வருஷத்துக்கு முன் செம்பூரில் அவன் கல்யாணம் நடந்த அதே முகூர்த்தத்தில், மாதுங்காவில் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ இரண்டாயிரம் இட்லிக்குக் கோமதியம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் செம்பூர் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அதிலிருந்து மாரிக்கண்ணன் தாய் கையால் ஒரு இட்லி தின்றதில்லை. ஆனால் மாதம் தவறாமல் வந்து, வாசலில் நின்றபடியே, இதையெல்லாம் விட்டுவிட்டு வாஷிக்கு வா என்று கூப்பிட்டான். ஒரு நாள் தொந்தரவு தாங்காமல் அவள், "கேஸு இல்லாம நெட்டையன் அணையிற அன்னைக்கு வாறம்லே, போ" என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது அவள் கையில் மாவு இருந்தது. அந்தச் சந்தில் ஆர்டர்களை யாரும் எழுதிவைப்பதில்லை. மாவுக் கையோடு சொன்னால் அது வாக்கு, மாற்றுவதில்லை. மாரிக்கண்ணன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். சிரித்துக்கொண்டு போனான்.

ஏஞ்சலம்மாள் புது பர்னர் செய்யப் போவதாக ஏப்ரலில் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு, "யக்கா வாஷிக்குப் போயிட்டா காலையில தண்ணிக்கு நான் யாருகூடச் சண்டை போட?" என்றாள். முதலில் செய்தது ரயில் மாதிரி இரைந்தது, தீ ஓட்டையை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்று அணைந்தது. இரண்டாவதில் தீ பைப்புக்குள்ளேயே பின்னால் எரிந்து வந்து அவளுடைய ஒரு புருவத்தை எடுத்தது. மூன்றாவதற்கு முன் மூன்று நாள் அவள் பட்டறைக்குப் போகாமல், கொப்பரை திறக்கும் நேரமாகப் பார்த்து வீடு வீடாகப் போய் நின்றாள். இட்லித் தட்டில் ஓரத்துக் குழியும் நடுக்குழியும் ஒரே மாதிரி வெந்திருந்தன. அடியிலிருந்து வரும் ஆவி எந்தக் குழியையும் விட்டுவிடவில்லை. கேஸும் அப்படிப் போனால் என்ன என்று நினைத்தாள். தடித்த எவர்சில்வர் தகட்டில் பதினாறு குழி தட்டினாள். குழிக்குக் குழி ஓட்டை போட்டாள். ஓட்டைகளைச் சாய்வாகப் போட்டாள், தீ நேரே ஓடாமல் சுற்றிச் சுவரைத் தடவ வேண்டும் என்பதற்காக. கும்பார்வாடாவில் குயவரிடம் சொல்லி, புகைக்குழாயின் வாயில் தொங்கவிட ஒரு சுட்டமண் தொப்பி வாங்கினாள், சூடு அவசரப்பட்டு வெளியே போகாமல் இருக்க. வேலை முடியும்வரை தகட்டிடம், "வீணாக்காத, எதையும் வீணாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தனசீலனிடமும் அவள் தினமும் அதைத்தான் சொல்லுவாள் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செய்து முடித்ததைக் கழுவிக் குழாயடித் திட்டில் காயவைத்தாள். மறுநாள் விடியற்காலையில் கோமதியம்மாள் அதை எடுத்துப் போய், நல்லெண்ணெய் தடவி, மாவு ஊற்றி, தன் கொப்பரையில் வைத்து ஒரு ஈடு இட்லி அவித்துவிட்டாள். பதினாறும் பூப்போல வந்தன.

"யக்கா, இது பர்னரு!"

"குழி இருக்கு, ஓட்டை இருக்கு, வட்டமா இருக்கு. இதப் பாத்தா எவளுக்குளா பர்னருன்னு தோணும்?"

"அடியில பைப்பு தொங்குதே, அதாவது கண்ணுல பட்டுச்சா?"

"புதுசா கைப்பிடி வச்சிருக்கன்னு நெனச்சேன்."

பாதி ஓட்டைகள் வெந்த மாவால் அடைத்துப் போயிருந்தன. ஏஞ்சலம்மாள் ஊசியால் குத்திப் பார்த்தாள், வரவில்லை. இரும்பைவிடக் கெட்டியாக இருந்தது. அவள் திட்டில் உட்கார்ந்து அழப் போன நேரத்தில் தனசீலன், "மாட்டித்தான் பாரேன். வெடிச்சா எனக்கு இன்னொரு கை இருக்கு" என்றான்.

மத்தியானம் மாட்டிப் பற்றவைத்தாள். சத்தமே வரவில்லை. தீ முதலில் நீலமாக இருந்தது, பிறகு நீலமும் வெளுத்து, பார்வைத் துவாரத்தில் கண் வைத்தால் எதிர்ச் சுவரின் துரு தெரியும் அளவுக்குத் தெளிந்தது. அது எழும்பவில்லை. படர்ந்து, சுவரைத் தடவிக்கொண்டு மெல்லச் சுற்றியது. முக்கால் மணி நேரம் எடுத்து ஏறும் அழுத்தமானி முள், அவள் தீப்பெட்டியை இடுப்பில் செருகுவதற்குள் ஏறி நின்றது. ஏஞ்சலம்மாள் ஏணி வைத்து ஏறிப் புகைக்குழாயைத் தொட்டாள். வெதுவெதுப்பு மட்டும்தான். கையை எடுக்க மறந்து வெகுநேரம் அங்கேயே நின்றாள். கீழே நின்றவர்கள் அவள் ஏதோ ஜெபிக்கிறாள் என்று நினைத்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் வாரம் ஒரு சிலிண்டர் ஒரு நாள் வந்தது. அடுத்த வாரம் ஒரு சிலிண்டர் மூன்று நாள் வந்தது. மே பத்தாம் தேதிக்குப் பிறகு, தராசில் தொங்கவிட்ட சிலிண்டர் நேற்றைய எடையையே இன்றும் காட்டியது. பதினான்காம் தேதி பனி கொட்டியது. அதற்குப் பின் சந்தின் தகரக் கூரைகள் உச்சிவெயிலிலும் மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தன. வேறு சந்துகளில் வெயில் நேரத்தில் ஆட்கள் சுருண்டு கிடக்க, இங்கே போர்வை கேட்டார்கள். பக்கத்துச் சந்து அஸ்ரினின் மகளுக்கு மூன்று நாளாக இறங்காத காய்ச்சல், நெட்டையன் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் இறங்கியது. அந்தப் பத்து நிமிஷம் ஆவி கொஞ்சம் கூடுதலாக வந்ததாகப் பிரேமலதா சொன்னாள். குழாயடியில் சண்டைகள் தொடங்கின, ஆனால் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டவில்லை. டீ மட்டும் ஆறவில்லை. இட்லி ஆறவில்லை. தூங்கும் குழந்தைகளின் உள்ளங்கால் எப்போதும் போலவே கதகதப்பாக இருந்தது. ஏஞ்சலம்மாளிடம் கேட்டார்கள். "வீணாப் போறத மட்டுந்தான் எடுக்குது. நான் அப்படித்தான சொல்லிச் செஞ்சேன்" என்றாள். சொல்லும்போது அவள் குரல் கோயிலில் பேசுவது போலத் தணிந்திருந்தது.

ஜூன் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு மாரிக்கண்ணன் ஒரு டெம்போவோடு வந்தான். பனியைப் பார்த்தான். துவாரத்தில் கண் வைத்துத் தீயைப் பார்த்தான். அவன் காதுகள் சிவந்தன.

"ரெண்டாவது கேஸ் லைன எங்க சித்தி ஒளிச்சு வச்சிருக்கிய?" என்று ஏஞ்சலம்மாளைக் கேட்டான். "தமாஷா பண்ணுதிய? லீக் இருந்தா சந்தே காலி."

"தேடிப் பாரு மக்கா" என்றாள் அவள்.

அவன் வேலை தெரிந்தவன். சோப்பு நுரை தடவி எல்லா மூட்டுகளையும் பார்த்தான், ஒரு குமிழி வரவில்லை. தரையைத் தட்டிப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான். சிலிண்டரைத் தராசில் போட்டான். ஏஜென்சி சீட்டில் எழுதியிருந்ததைவிட அரைக் கிலோ கூடுதலாக இருந்தது. இரண்டு முறை போட்டான். பிறகு எழுந்து, "நெட்டையன நானே பந்த் பண்ணுதேன். மாவுக் கையோட சொன்ன சொல்லு" என்றான். கோமதியம்மாள் உள்ளே போய், முந்தின நாளே கட்டி வைத்திருந்த பையை எடுத்து வந்து வாசலில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தாள். ஏஞ்சலம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நெட்டையனைப் பார்த்தாள். பதினான்கு வீட்டுப் பெண்களும் வெளியே வந்து நின்றார்கள்.

மாரிக்கண்ணன் வால்வை மூடினான். தீ எரிந்தது. பைப்பில் மிச்சம் இருக்கும் என்று ஐந்து நிமிஷம் காத்திருந்தான். தீ எரிந்தது. டியூபைக் கழற்றி அதன் வாயை மூக்கருகே வைத்தான், காதருகே வைத்தான், அதில் ஒன்றும் இல்லை. காற்று போகும் கதவையும் அடைத்தான். துவாரத்துக்குள் அந்தத் தெளிந்த தீ அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே பனி சற்று அதிகமாகக் கொட்டியது. அவன் கையில் டியூப் தொங்க, தாயின் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"தாலி கட்டுறப்போ திரும்பித் திரும்பிப் பாத்தேன்! போட்டோ ஆல்பத்துல ஒரு படத்துல கூட நான் எம் பொண்டாட்டியப் பாக்கல. எல்லாத்துலயும் வாசலப் பாத்துக்கிட்டு நிக்கேன். ஏழு வருஷமா அவ அதச் சொல்லிக் காட்டுதா!"

அவன் கத்தக் கத்தக் காதின் சிவப்பு இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். கழுத்து வெளுத்தது, கை இறங்கியது. அழுத்தமானியின் முள் ஒரு கோடு ஏறியது. பதினான்கு கொப்பரைகளின் மூடிகளும் ஒரே சமயத்தில் தடதடவென்று ஆடின. பிறகு அவன் நெட்டையன் மேல் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தான்.

"பஸ்ஸு வரல" என்றாள் கோமதியம்மாள். "சயான்ல இருந்து ஓடித்தாம்ல வந்தேன்."

இதை அவள் ஏழு வருஷத்தில் முதல்முறை சொன்னாள். கேட்கும் அளவுக்கு அவன் சும்மா இருந்ததும் அதுதான் முதல்முறை.

"சாப்பிட்டியாலே?"

"...இல்ல."

அவள் பையை விட்டு எழுந்து, கொப்பரையைத் திறந்தாள். அவன் எத்தனை தின்றான் என்று யாரும் எண்ணவில்லை. தீ அணையாததால் வாக்கும் அவளைக் கட்டவில்லை என்பதை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. டெம்போ காலியாகத் திரும்பியது. முன் சீட்டில் அவன் மடியில் ஒரு டிபன் பாக்ஸ் நிறையப் பனி இருந்தது, மகளுக்கு. வாஷி போய்ச் சேர்ந்த பிறகும் அது உருகவில்லை என்றும், குழந்தை சாயங்காலம் வரை வைத்து விளையாடியது என்றும் போன் வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன், மனைவி, மகள் மூன்று பேருமாக வருகிறார்கள்.

ஏஞ்சலம்மாள் அதற்குப் பின் வேறு சந்துக்காரர்களுக்கு அதே மாதிரி ஆறு பர்னர் செய்து கொடுத்தாள். ஆறும் நன்றாக எரிகின்றன, பாதி கேஸ் மிச்சமாகிறது, எதிலும் பனி வரவில்லை. முதலில் அதில் ஒரு ஈடு இட்லி அவிக்கச் சொல்லி ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தாள். அவர்கள் சிரித்தார்கள். சந்தில் இப்போது பனி கூட்டுவதற்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் பனி குறைவாக விழுகிறது. டியூப் மாட்டாத சிலிண்டர் நெட்டையனின் பக்கத்தில் அப்படியே நிற்கிறது, மேலே சைக்கிள்காரர்கள் தொப்பியைக் கழற்றி வைக்கிறார்கள். மாதம் ஒரு முறை ஏஜென்சியிலிருந்து சைஃப் வந்து காலி சிலிண்டரைத் திருப்பிக் கேட்கிறான். இன்னும் காலியாகவில்லை என்று கோமதியம்மாள் சொல்கிறாள். அவன் தூக்கிப் பார்த்துவிட்டு, சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டு, மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு போகிறான்.