பத்துக் கிலோவுக்கு ஒப்புதல்

யாரையும் ஒரு கேள்வி கேட்காமல், யாரிடமும் ஒரு வார்த்தை சம்மதம் வாங்காமல், சரியான ஆளைச் சரியான பதவியில் உட்காரவைக்கும் திறமை இந்த உலகத்தில் முனியசாமி ஒருவருக்குத்தான் உண்டு. இதைச் சொன்னவர் முனியசாமி. சொன்ன இடம், துபாய் கராமாவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஆறு பேர் தங்கியிருந்த ரூம். சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. டூட்டி கிடையாது என்பதால் ஆறு பேரும் ரூமில் இருந்தார்கள், தப்பிக்க வழியில்லை.

பேச்சைத் தொடங்கிவைத்தது டிவி. செய்தியில் அமெரிக்காவின் மேல்சபையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உயரமான மேஜைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் வரிசையாக இருந்தார்கள். எதிரே தனியாக ஒருவர், அவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். ரூமில் உலக விவகாரங்களை விளக்கும் பொறுப்பு கீழக்கரை கௌஸ் முகம்மதுவுடையது. தேராவில் மொத்தத் துணிக்கடையில் வேலை பார்ப்பவர். அந்த நாட்டு ஜனாதிபதி ஒருவரைத் தூதராக அனுப்ப நினைத்தாலும், ஒருவரைத் தளபதியாக உயர்த்த நினைத்தாலும், சபை சரி என்று சொன்னால்தான் நடக்கும் என்றார் அவர். தூதராகப் போகிறவரை இப்படி உட்காரவைத்துக் குடைவார்கள். ராணுவ அதிகாரிகள் என்றால் ஐம்பது, நூறு பெயர்களை ஒரே பட்டியலாகக் கொண்டுவந்து, ஆட்சேபம் உண்டா என்று ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடுவதும் உண்டு. ஆனால் ஒரே ஒரு உறுப்பினர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பட்டியல் மாதக்கணக்கில் தொங்கும்.

முனியசாமி சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது.

"நாலு நட்சத்திரம் குத்துன தளபதிய உக்கார வச்சு, நீ இதுக்கு லாயக்கான்னு கேக்குறதா? அப்ப அவனத் தேர்ந்தெடுத்தவன் கேணப்பயலா பாய்? நானெல்லாம் நியமிச்சா நியமிச்சதுதான்."

முனியசாமி முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் ஃபோர்மேன். ரூமில் மூத்தவர் என்ற தகுதியில் எல்லாப் பதவிகளையும் அவரே நிரப்பி வந்தார். கௌஸ் முகம்மதுவுக்கு உருது வரும் என்பதால் பெஷாவர்க்கார வாட்ச்மேனுக்குத் தூதர். ஜெபல் அலி கிடங்கில் வேலை பார்க்கும் இருவர், எதற்கும் சேர்ந்தே தலையாட்டுகிறவர்கள், குப்பைக்கும் பாத்ரூமுக்கும் கூட்டுப் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன் பெட்டியோடு வந்து இறங்கிய ஐயப்பனை, பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சமையலுக்கு நியமித்தார். அன்றிலிருந்து ரூமில் யாரும் உடம்பு பெருக்கவில்லை.

அன்றைக்கு அவர் மேலும் இரண்டு நியமனங்களை அறிவித்தார். ஒன்று ராணுவம், மற்றது வெளியுறவு. மகள் அகிலாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. ராஜஸ்தான் எல்லையில் ராணுவத்தில் நாயக். இப்போது இருபது நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறான். முனியசாமிக்கு லீவு இன்னும் எட்டு மாதம் கழித்துத்தான். ஆகவே, வரும் புதன்கிழமை தன் முதல் லீவில் ஊருக்குப் போகும், இதே ரூமில் இருக்கும் பக்கத்து ஊர்க்கார எலக்ட்ரீசியன் விமல், அவருடைய தூதராகப் போய்ப் பேச்சை முடித்து, தட்டு மாற்றிவிட்டு வருவான்.

இந்த இரண்டு நியமனங்களும் தெரியவந்தபோது விமல் தன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கே அப்போதுதான் தெரியும்.

தூதரோடு ஒரு அட்டைப்பெட்டியும் போக வேண்டும். அகிலாவுக்குப் பட்டுப்புடவை, சம்பந்தி வீட்டுக்குப் பிஸ்தா, செண்ட், பால்பவுடர். பாலைவனத்தில் காவல் நிற்கும் மாப்பிள்ளைக்கு இன்னொரு பாலைவனத்திலிருந்து கம்பளிப் போர்வை. கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தால் பத்துக் கிலோ வந்தது. இங்கேதான் சிக்கல். விமானத்தில் முப்பது கிலோ. அதில் போகிறவனுக்கு இருபது, மீதிப் பத்து ரூமில் இருக்கும் ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டு. அதற்கு மேல் ஒருவருக்கு வேண்டுமானால் மற்ற அத்தனை பேரும் சரி சொல்ல வேண்டும். இது ரூமின் சட்டம். முன்னொரு காலத்தில் ஒருத்தன் ஏழு கிலோ அல்வா கேட்டபோது அதைத் தடுக்க இந்தச் சட்டத்தைப் போட்டவர் முனியசாமி.

"அப்படின்னா சபையைக் கூட்டத்தான் வேணும்" என்றார் கௌஸ் முகம்மது, டிவியை அணைத்துவிட்டு.

பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து விமலை அதில் உட்காரவைத்தார்கள். எதிரே ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கப்பட்டது. கட்டில்மேல் சம்மணமிட்டுக் கௌஸ் முகம்மது தலைமை ஏற்றார். கூத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்ற முகத்தோடு முனியசாமியும் ஒரு ஓரமாக உட்கார்ந்தார்.

முனியசாமி அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வாய் என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்பேன் என்றான் விமல். அப்படியானால் அந்த மாத்திரை எதற்கு என்றார்கள். சத்துக்கு என்றான். சபை திருப்தி அடைந்தது. சம்பந்தி வீட்டில் மூன்றாவது முறையும் இலையில் கறி வைத்தால்? சாப்பிடுவேன். ஜெபல் அலிக்காரர்கள் இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். ஆள் தேறிவிடுவான் போலத்தான் இருந்தது. அப்போது, அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஐயப்பன் நிமிர்ந்தான்.

"தம்பி, அகிலா பாப்பா வேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்வ?"

விமல் டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தான். அதற்காகத்தான் அதை வைக்கிறார்கள் போலிருக்கிறது.

"அண்ணே அதப்பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"அவ என்னத்தச் சொல்லப்போறா? நான் சொல்லியாச்சுல்ல" என்றார் முனியசாமி.

"அப்ப புள்ளகிட்ட கேக்கவே இல்லையா?" என்றார் கௌஸ் முகம்மது.

"போட்டோவப் பாத்தேன் பாய். ஆறடி. அந்த மீசையப் பாத்தாலே தெரியலையா? இதுல கேக்க என்ன கெடக்கு?"

"எனக்கும் மீச இருக்குண்ணே" என்றான் ஐயப்பன் அமைதியாக. "அதப் பாத்துத்தான் சமையல்ல போட்டீங்க. சமைக்கத் தெரியுமாடான்னு அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டிருந்தா, தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். மூணு வருசம் எல்லாரும் தப்பிச்சிருப்பீங்க."

இதை யாரும் மறுக்கவில்லை. அன்றைக்குச் சபையில் ஏகமனதாக ஏற்கப்பட்ட கருத்து இது ஒன்றுதான்.

ஓட்டெடுப்பு நடந்தது. பத்துக் கிலோவுக்குக் கௌஸ் முகம்மது கை தூக்கினார். ஜெபல் அலிக்காரர்கள் சேர்ந்து தூக்கினார்கள். வாளியில் இருந்தபடி விமலும் தூக்கினான். ஐயப்பன் மறுபடி வெங்காயத்தைப் பார்த்தான். பாப்பாவிடம் கேட்டாயிற்று என்று அண்ணன் தன் வாயால் சொல்லட்டும், கை அப்புறம் தானே உயரும் என்று சொல்லிவிட்டான். கௌஸ் முகம்மது நியமனங்களை நிறுத்திவைத்தார். முனியசாமி அமெரிக்காவையும் ஐயப்பனையும் ஒரே வாக்கியத்தில் திட்டினார். பெட்டியைக் கார்கோவில் போட்டுக்கொள்ளத் தனக்குத் தெரியும் என்றார். கார்கோ போய்ச் சேர நாற்பது நாள் ஆகும் என்பதும், மாப்பிள்ளையின் லீவு இருபதே நாள் என்பதும் சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

மதியம் சாம்பார். முனியசாமி முதல் வாயை உள்ளே தள்ளினார். புளி ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமுமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இறங்கின. மூன்று வருஷம் என்று நினைத்தார். பிறகு, கல்யாணம் எத்தனை வருஷம் என்று நினைத்தார். இரண்டாவது வாய் இறங்கவில்லை.

சாப்பிட்டதும் எல்லோரும் படுத்துவிட்டார்கள். முனியசாமி சட்டையை மாட்டிக்கொண்டு, சிகரெட் வாங்கப்போவதாக யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, தெருமுனையில் கார்டு போட்டுப் பேசும் பூத்துக்குப் போனார். அவர் சிகரெட் பிடிப்பதில்லை.

போனை எடுத்தது மனைவி கருப்பாயி. பெட்டியில் குங்குமப்பூ வைக்கச் சொன்னாள். அகிலாவைக் கூப்பிடு என்றார். எதற்கு என்றாள். இருபத்து நான்கு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதில்லை என்பதால் கேள்வி நியாயமானதுதான்.

"ஏத்தா, அந்தப் பையன... உனக்கு சம்மதந்தானா?"

பூத்துக்குள் வியர்த்தது.

"என்னையவாப்பா கேக்குறீங்க?"

"ரூம்ல கேக்குறானுக" என்றார்.

"ஆளு நல்லாத்தான் இருக்காரு. ஆனா அவருகிட்ட மூணு விசயம் கேக்கணும்ப்பா. அம்மாகிட்ட சொன்னேன். அப்பா முடிவு பண்ணியாச்சு, வாய மூடுன்னுட்டாக."

பி.எட். முடிக்கவிடுவாரா. குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போவாரா, தன் அம்மாவோடு விட்டுவிட்டுப் போவாரா. இரண்டையும் முனியசாமி 'ம்' போட்டுக் கேட்டுக்கொண்டார். மூன்றாவதை அகிலா ஒரே மூச்சில் சொன்னாள்.

"வருசத்துக்கு எத்தன நாள் வீட்ல இருப்பீகன்னு கேக்கணும்."

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வீட்டில் இருக்கும் முனியசாமி, போனின் சின்னத் திரையில் கார்டு கரைவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கேக்கச் சொல்றேன்த்தா என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

ரூமுக்குத் திரும்பியபோது குறட்டைச் சத்தம் நிறைந்திருந்தது. விமலைத் தோளில் தட்டி எழுப்பினார். பால்கனிக்கு அழைத்துப்போய், துணி காயும் கொடிக்கு அடியில் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். கண்ணைக் கசக்கிக்கொண்டே அவன் உட்கார்ந்தான். முனியசாமி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். பிறகு கதவை ஓசைப்படாமல் சாத்தினார். சாத்தும்போது உள்ளே மேல்கட்டிலில், கண்ணை மூடியபடியே ஐயப்பன் ஒரு கையைத் தூக்கியிருந்தது தெரிந்தது. அவர் அதைப் பார்க்காததுபோல் திரும்பி வந்து, விமலுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள முன்னாடி போய் உக்காந்ததும் மொதல்ல என்ன கேப்ப?"

"சௌக்கியமான்னு கேப்பேண்ணே."

"அது கெடக்கட்டும்" என்றார் முனியசாமி குரலைத் தாழ்த்தி. "ரெண்டாவது?"