மேலே மட்டும் புது உமி

பண்ணைக்காரருக்குத் தன் மூக்கின் மேல் இருந்த மரியாதை கட்டிய மனைவியின் மேல்கூட இருந்ததில்லை. கோழிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பார். "நாத்தமா? எங்க நாத்தம்? பன்னீர் தெளிச்ச மாதிரில்ல இருக்கு!" என்பார். பின்னால் அவர் மனைவி துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நிற்பாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கண்ணைக் கசக்கும் சுபாவம் அவளுக்கு என்று அவர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார்.

கறிக்கோழி வளர்ப்பில் பாதி வேலை தரையில்தான் இருக்கிறது. தரையில் பரப்பிய உமியின் மேல்தான் கோழி தின்னும், தூங்கும், மற்ற எல்லாமும் செய்யும். அதைத் தினமும் கிளறிவிட வேண்டும், கட்டிதட்டியதை அள்ளி வெளியே போட வேண்டும், பக்கத்துப் படுதாக்களைச் சுருட்டிக் காற்று விட வேண்டும். நம்மவரோ தனிச் சாஸ்திரமே வைத்திருந்தார். கிளறினால் கோழிக்குத் தூக்கம் கெடும். படுதாவைத் தூக்கினால் சளி பிடிக்கும். தண்ணீர்க் குழாய் சொட்டுகிறதா, சொட்டட்டும், வெயில் காலத்துக்குக் குளிர்ச்சி. அப்பேர்ப்பட்ட மேதை!

அந்த மேதைமையின் பலனாகப் போன பேட்ச் கோழிகளின் பாதமெல்லாம் வெந்து புண்ணாகிப்போனது. குஞ்சும் தீவனமும் கொடுக்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் அப்போதே சொல்லிவிட்டான். "அண்ணே, இந்தத் தடவையும் தரை இப்படியே இருந்துச்சுன்னா அடுத்த குஞ்சு உங்களுக்குக் கிடையாது." குஞ்சு வராவிட்டால் கொட்டகை காலி, அடுப்பும் காலி. வேறு தொழில் அவருக்குத் தெரியாது. இந்தத் தொழிலே தெரியுமா என்பது மனைவியின் நெடுநாள் சந்தேகம்.

சூப்பர்வைசர் நாளைக்கு வருகிறான் என்று போன் வந்ததும் அவள் கெஞ்சினாள். "ஏங்க, ரெண்டு ஆள விட்டு அடியில இருக்கற ஈரத்த அள்ளிடலாங்க. உள்ள நிக்க முடியல."

"ஈரம் இருந்தா எனக்கு வாடை வராதா? உன் மூக்கு பெருசா, என் மூக்கு பெருசா?"

அதோடு பேச்சு முடிந்தது. அவர் மூட்டை மூட்டையாகப் புது உமி வாங்கிவந்து, சேறாய்க் கிடந்த தரையின் மேல் அப்படியே தூவினார். கொட்டகை கல்யாண மண்டபம் மாதிரி பளபளத்தது. பூசி மெழுகுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மறுநாள் காலை தலையைப் படிய வாரி, மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றார். அந்த மீசை போனது ஒரு தனிக் கதை. பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். இவர் தூக்கினால் போதும், பேரன் வீல் வீலென்று கத்துவான். மீசைதான் குத்துகிறது என்று கண்டுபிடித்து, கல்யாணத்துக்கு முந்தியே வளர்த்த மீசையை மனசைக் கல்லாக்கிக்கொண்டு மழித்தார். பிள்ளை அதற்குப் பிறகும் கத்தினான். மாப்பிள்ளை வீட்டு ரத்தம், வேறென்ன!

சூப்பர்வைசர் கொட்டகைக் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே பின்வாங்கி இருமினான்.

"தூசி சார், புது உமில்ல," என்றார் பண்ணைக்காரர் பெருமையாக.

அந்த நேரம் பார்த்துக் கோழிகள் காலை வாரிவிட்டன. இத்தனை நாள் ஈரத்தில் சுருண்டு கிடந்தவை, காய்ந்த உமியைக் கண்ட சந்தோஷத்தில் விடிந்ததிலிருந்து கிளறித் தள்ளிக்கொண்டிருந்தன. அவர் ஒருநாளும் செய்யாத வேலையை அவையே செய்து முடித்திருந்தன. சூப்பர்வைசர் நின்ற இடத்திலேயே கறுப்புச் சேறு வாயைத் திறந்து கிடந்தது.

அவன் குனிந்து ஒரு கை அள்ளிப் பிசைந்தான். தரையில் கிடக்கும் உமிக் கூளம் நன்றாக இருந்தால் கையை விரித்ததும் உதிர வேண்டும். இது உருண்டையாக உள்ளங்கையில் உட்கார்ந்தது. அதை அவர் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"மோந்து பாருங்கண்ணே."

அவர் ஆழமாக இழுத்தார். "ஒண்ணும் இல்லையே சார்."

சூப்பர்வைசருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் பொய் இல்லை. இன்னொரு தரம் இழுத்தார். தட்டுப்படவே இல்லை. அவன் திரும்பி அவர் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கண்ணிலும்தான்.

"அண்ணே, வருஷக்கணக்கா இந்தக் காத்துலயே கிடந்து உங்க மூக்கு செத்துப்போச்சு. இந்தக் கோழி போனதும் அடி வரைக்கும் அள்ளிக் கொட்டுங்க. தரையக் காயவிட்டுப் புது உமி போடுங்க. அப்புறம் அக்கா உள்ள வந்து நிக்கட்டும். அவங்க கண்ணு கலங்கலன்னா எனக்கு போன் பண்ணுங்க, குஞ்சு அனுப்புறேன்."

அவன் வண்டி போன பிறகும், அவன் கொடுத்துவிட்டுப் போன உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே அவர் நின்றார். முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது. சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார். உள்ளங்கையை மோந்தார். ஒன்றுமில்லை.

"ஏய்," என்றார் மெதுவாக. "என் மேலயும் இந்த வாடை வருதா?"

"குளிச்சிட்டுப் புள்ளையத் தூக்குங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? தாத்தா வாசம் அவனுக்குப் பழகட்டும்னீங்க."

அவர் கை தானாக மேல் உதட்டைத் தடவியது.

"அப்போ மீசை?"

"அது பாவம், என்னங்க பண்ணுச்சு?" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.