இறங்கும் நேரம் கூட்டல் ஒரு மணி

விமானம் இறங்குற நேரத்தோட ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். இது எங்க ஆபீஸ் சட்டம், போட்டவளே நான்தான். விமான நிலையத்துல இருந்து கடலோரத்துக்குப் போற தனிக் கார்களுக்கு புக்கிங் எடுக்குற மேசையில பன்னெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன். நான் வந்த புதுசுல, விமானம் பத்து மணிக்குன்னா டிரைவரும் பத்து மணிக்கே பேர் எழுதின அட்டையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிப்பார். உள்ளே ஆளு வரிசையில நின்னு, முத்திரை வாங்கி, பெட்டிக்காகத் தவம் கிடந்து வெளியே வர்றதுக்குள்ள டிரைவருக்குக் கால் கடுத்துப் போயிடும். அந்தக் கடுப்பையெல்லாம் வழி நெடுக கஸ்டமர்கிட்ட காட்டுவாங்க, திட்டு மட்டும் எனக்கு வரும். பொறுத்தது போதும்னு ஒருநாள் புக்கிங் ஃபாரத்துல நானே ஒரு கட்டம் சேர்த்தேன். இறங்கும் நேரம், கூட்டல் ஒரு மணி. அதோட புகாரெல்லாம் நின்னுபோச்சு. முதலாளி எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினார். நானும் பெரிய இவன்னு தலையை நிமிர்த்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

இப்ப அம்மா கதைக்கு வர்றேன். அம்மா கடலோர ஊர்ல தனியா இருந்தா. அப்பா போனதுக்கு அப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், நகரத்துல என்னோட வந்து இருக்க மாட்டேன்னுட்டா. நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிக்கு லீவு போட்டுட்டு ஓடினேன். ஒரு வாரம் மூக்குலயும் வாயிலயும் மாஸ்க்கை வெச்சு ஓட்டினாங்க. எட்டாவது நாள் சாயங்காலம் டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டு, இனிமே மாஸ்க் தாங்காது, தூங்க வெச்சுத் தொண்டையில குழாய் போடணும்னாங்க. முழிப்பாளான்னு கேட்டேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அம்மாவுக்கு எல்லாம் காதுல விழுந்திருக்கு. உள்ளே போனதும் மாஸ்க்கை விலக்கிட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னா. "உங்கண்ணனை வரச் சொல்லு. தப்பு என் மேலதான்னு அவன்கிட்ட நேர்ல சொல்லணும். அதுக்கப்புறம் எந்தக் குழாயை வேணா போட்டுக்கட்டும்."

எனக்கு ஒரே அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அவனுக்குப் பிடிச்ச பொண்ணைக் கட்டிக்கிட்டான். அம்மா கல்யாணத்துக்குப் போகல. போகாததோட நின்னிருக்கலாம். கல்யாணத்தன்னிக்குக் காலையில போன் பண்ணி, சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிட்டா. அன்னிக்கு விட்ட பேச்சுதான். அவன் வெளிநாட்டுக்குப் போனான், என்கூட மட்டும் பேசுவான். அப்பா செத்தப்போ டிக்கெட் போட்டுட்டேன், விமான நிலையத்துக்குக் கிளம்பிட்டேன்னு சொன்னான். பாதி வழியில திரும்பிட்டான். அம்மா முகத்துல முழிக்க முடியலன்னு மறுநாள் என்கிட்ட அழுதான். எங்க எல்லாரையும் காக்க வெச்சுட்டு, அழுகை மட்டும் அழத் தெரிஞ்சுது அய்யாவுக்கு. அந்தக் கோபம் எனக்குள்ளேயே கிடந்துச்சு.

இந்தத் தடவை நான் கெஞ்சினேன். உன் காலில் விழறேன், போன்லயாவது பேசுன்னேன். போன்ல வேண்டாம், நேர்ல வந்து பேசறேன்னான். ராத்திரி விமானத்துல இடம் கிடைச்சுது. கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி, அம்மாகிட்ட நான் வர்றேன்னு சொல்லிடுன்னான். ஓடிப்போய்ச் சொன்னேன். மாஸ்க்குக்குள்ள அம்மா சிரிச்சா. ஒரு வாரத்துல அன்னிக்குத்தான் சிரிச்சா. சீப்பு எடுத்து வந்து தலையை வாரி விடச் சொன்னா.

கார் அனுப்பறேன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தேன், அந்த ஏற்பாடு என் வேலை. இதை வேற யார்கிட்டயும் விடுவேனா? ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து போன்லயே புக்கிங் போட்டேன். விமானம் இறங்குறது மறுநாள் காலையில பத்து பத்துக்கு. கூட்டல் ஒரு மணி, பதினொண்ணு பத்து. அங்கிருந்து மூணு மணி நேரம், ரெண்டேகாலுக்கு அம்மா பக்கத்துல. டாக்டரம்மா மத்தியானம் மூணு மணி வரைக்கும் பார்க்கலாம், அதுக்கு மேல முடியாதுன்னு சொல்லியிருந்தாங்க. சரியா வரும்னு கணக்குப் போட்டுக்கிட்டேன். பெட்டிங்கிற கட்டத்துல ரெண்டுன்னு போட்டேன். வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு யோசிக்காமலே ரெண்டுன்னுதான் போடுவேன், கை தானா போட்டுடும். டிரைவர்ல நம்பகமான ஆளு ஒருத்தர் உண்டு. ஆபீஸ்ல அவருக்கு 'அவசரம்'னு பட்டப்பேர், ஏன்னா பூகம்பமே வந்தாலும் டீயைக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆனா சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது. அவரையே போட்டேன். வண்டி நம்பர், டிரைவர் நம்பர், நிக்கிற நேரம் எல்லாத்தையும் அண்ணன் போனுக்கு மெசேஜா தட்டிவிட்டேன். அவன் அதுக்குள்ள விமானத்துல ஏறியிருப்பான், இறங்கினதும் பார்ப்பான்னு நினைச்சேன்.

காலையில இருந்து அம்மா கதவையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. பத்து மணிக்கு இறங்கிட்டானான்னு கண்ணாலேயே கேட்டா, இறங்கிட்டாம்மான்னேன். பதினொண்ணரைக்கு மறுபடியும் கேட்டா, கார்ல ஏறியிருப்பாம்மான்னேன். பன்னெண்டுக்கு 'அவசரம்' போன் பண்ணார். பதினொண்ணு பத்துல இருந்து அட்டையோட நிக்கிறேன், யாரும் வரலம்மான்னார். பெட்டி லேட்டா வரும், நில்லுங்கன்னேன். பன்னெண்டரைக்கு அதே பதில். அண்ணன் போனுக்கு அடிச்சா அணைச்சு வெச்சிருக்குன்னு வந்துச்சு. டிரைவர் பாவம், காவலாளியைக் கேட்டு, கழிப்பறையில தேடி, விமானக் கம்பெனி மேசையில போய்க் கேட்டிருக்கார். பயணி விவரமெல்லாம் சொல்லக் கூடாதுன்னு விரட்டி விட்டுட்டாங்க. ஒண்ணரைக்கு அவர் தயங்கித் தயங்கி, அந்த விமானத்து ஆளுங்க எல்லாரும் போயாச்சு, கூட்டிப் பெருக்குறவங்கதான் இருக்காங்கன்னார்.

எனக்குப் புரிஞ்சு போச்சு. புரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். அப்பா விஷயத்துல பண்ண அதே வேலை. டிக்கெட் போடுவார், கிளம்பிட்டேன்னு சொல்லுவார், பாதி வழியில திரும்பிடுவார். டிரைவரைத் திரும்பிப் போகச் சொல்லிட்டு, வராந்தாச் சுவத்துல தலையைச் சாய்ச்சுக்கிட்டு வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினேன். பக்கத்துல இருந்தவங்க பார்த்தாங்க, பார்க்கட்டும்னு விட்டேன். ஒரு வாரமா ஒழுங்காத் தூங்கல, சாப்பிடல. எல்லாக் கோபமும் அந்த ஒண்ணரை மணி நேரத்துல என் தலைக்கு ஏறிக் கிடந்துச்சு.

மூணு மணிக்கு டாக்டரம்மா ரெண்டு நர்ஸோட வந்து நின்னாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்னேன். அம்மா உதடு நீலமா இருக்கு, தாங்காதுன்னாங்க. அம்மா மாஸ்க்கை விலக்கிட்டு என்னைப் பார்த்தா.

"எங்க வந்துட்டிருக்கான்?"

அந்த இடத்துல ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாதி வழி வந்துட்டாம்மா, நீ தூங்கி எழுந்திரு, பக்கத்துல இருப்பான்னு சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பன்னெண்டு வருஷமா கஸ்டமர்கிட்ட வண்டி பக்கத்துல வந்துடுச்சு சார்னு வாய் கூசாம சொல்றவ நான். என் அம்மாவுக்குச் சொல்ல வரல.

"வரலம்மா. அவன் ஏறவே இல்ல. உன் புள்ளையைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அம்மா என்னையே பார்த்தா. அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. "சரி. போடச் சொல்லு"ன்னா. அழக்கூட இல்ல. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னா, கதவைச் சாத்திட்டாங்க.

நாலேகால் மணிக்கு வராந்தாக் கடைசியில ஒருத்தன் ஓடி வந்தான். சட்டையெல்லாம் வேர்வையில ஒட்டிக்கிடக்கு, முடி நரைச்சிருக்கு. பக்கத்துல வர்ற வரைக்கும் எனக்கு அடையாளமே தெரியல. அண்ணன்.

தோள்ல ஒரு சின்னப் பை மட்டும் இருந்துச்சு, வேற எதுவும் இல்ல. அதைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. அவன் சொல்றதுக்கு முன்னாடியே விளங்கிடுச்சு. சாகக் கிடக்குற அம்மாவைப் பார்க்க ஓடி வர்றவன் எதுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வரப்போறான்? இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் புக்கிங் போட்டிருப்பேன், என் அண்ணனுக்குப் பெட்டி இருக்குமான்னு ஒரு நிமிஷம் யோசிக்கல.

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். விமானம் பத்து நிமிஷம் முன்னாடியே இறங்கியிருக்கு. எடுக்கப் பெட்டி இல்லாததால பத்தேகாலுக்கெல்லாம் வாசலுக்கு வந்துட்டான். எல்லா அட்டையையும் ஒண்ணு விடாம படிச்சிருக்கான், அவன் பேர் இல்ல. அவசரத்துல சார்ஜரை விட்டுட்டு வந்ததால போன் செத்துப் போயிருக்கு. ஒருத்தர்கிட்ட போனைக் கடன் வாங்கினா, அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது சின்ன வயசுல இருந்து இருக்குற வீட்டு நம்பர் ஒண்ணுதான். பூட்டின வீட்டுல அது அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. ஆஸ்பத்திரி அலைச்சல்ல தங்கச்சி காரை மறந்திருப்பா, பாவம்னு நினைச்சு, அவ்வளவு தூரம் டாக்ஸி எதுவும் வர மாட்டேன்னதால பத்து அம்பதுக்குப் புறப்பட்ட பஸ்ல ஏறிட்டான். அது ஊருக்கு ஊர் நின்னு, அஞ்சேகால் மணி நேரம் எடுத்துக்கிட்டு வந்து சேர்ந்திருக்கு. அவன் பஸ் ஏறி இருபது நிமிஷம் கழிச்சு, நான் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிசகாம, 'அவசரம்' அந்த வாசல்ல போய் நின்னிருக்கார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பத்தி மறைக்காமச் சொன்னேன். சட்டம் போட்டது நான், கட்டத்தை நிரப்பினது நான், எல்லாம் என்னாலதான்னேன். அண்ணன் என் பக்கத்துல உட்கார்ந்து என் தலையைத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டான். விடு, நீ என்ன வேணும்னேவா பண்ணேன்னான். அப்படி அவன் சொல்லாம இருந்திருந்தா மிச்சத்தையும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

உள்ளே போனான். குழாயோட கிடந்த அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். என்ன பேசினான்னு நான் கேக்கல. வெளியே வந்தவன் முகத்தைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டான்.

"நான் வர்றேன்னு அம்மாவுக்குத் தெரியும்ல?"

அப்ப வந்துச்சு எனக்குப் பொய். மூணு மணிக்கு வராதது அஞ்சு மணிக்குத் தடங்கலே இல்லாம வந்துச்சு. "தெரியும்ணா. வந்துட்டிருக்கான்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் தூங்கினா"ன்னேன்.

"அது போதும்"னான்.

மூணாவது நாள் அம்மா போயிட்டா. நடுவுல ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கல. துக்கம் கேக்க வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அண்ணன் அதையே சொன்னான். பேச முடியாமப் போச்சு, ஆனா நான் வர்றேன்னு தெரிஞ்சு நிம்மதியாத் தூங்கினா, என் தங்கச்சி சொல்லிட்டா. சொல்லும்போதெல்லாம் என் கையைப் பிடிச்சுப்பான். தப்பு என் மேலதான்னு அம்மா சொல்ல நினைச்சதையாவது அவன்கிட்ட சொன்னேன். அதைக் கேட்டுக் குழந்தை மாதிரி அழுதான். அம்மாவை மன்னிச்சுட்டேன்னான்.

மன்னிக்கறதுக்கு அவனுக்காவது ஒரு ஆள் கிடைச்சுது. அம்மா தலையைத் திருப்பினப்போ அவனை மன்னிச்சாளா, வெறுத்தாளா, இல்ல பொய் ஆசை காட்டினேன்னு என்னைத்தான் வெறுத்தாளான்னு எனக்குத் தெரியாது. இனிமே கேக்க முடியாது.

இப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றான். பிள்ளைங்களைப் பத்திப் பேசுவான், அங்கத்து மழையைப் பத்திப் பேசுவான், கடைசியில அம்மா பேச்சுலதான் வந்து நிப்பான். நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா, நான் வரமாட்டேன்னு நினைச்சுக்கிட்டே அம்மா போயிருப்பா, நல்லவேளை நீ இருந்தேம்பான். ஆமாண்ணான்னு சொல்லிட்டு போனை வெச்சுடறேன்.