வைரத்துகளும் உயிரணுவும்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், கண்ணாடிக் கிண்ணமொன்றில் உயிரணு ஒன்று வாழ்ந்துவந்தது. ஒரு நாள் அதன் உள்ளே வைரத்துகள் ஒன்று வந்து தங்கியது. தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள் அது. பச்சை ஒளி பட்டால் சிவப்பாக மினுங்கும்; இருக்குமிடத்தின் சூட்டுக்கேற்ப அம்மினுக்கம் சற்றே மாறும். அந்த மாற்றத்தைக் கணினியில் படித்துச் சூட்டைக் கணிப்பவள் ஆராய்ச்சி மாணவி ரஷ்மி.

“ஏட்டி, ஒனக்கு இங்க என்ன ஜோலி?” என்றது உயிரணு.

“உனக்க சூட்டைச் சொல்லணும்.”

“அப்போ முதல்ல மேல எரியிற பச்சை விளக்கைக் குறைக்கச் சொல்லு மக்கா. எனக்கு ரெண்டாப் பிரியிற நேரம். இந்த வேக்காட்டுல பிரிய முடியாது, செத்துப்போவேன்.”

துகள் வருந்தியது. “எனக்கு வாயில்ல. வெளிச்சம் கேட்டா பதில் சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.”

வெளியே ரஷ்மி துள்ளினாள். “எபிசன், இங்க பாரு! பிரியப்போற செல்லுக்குள்ள மத்த செல்லைவிட ரெண்டு டிகிரி கூடுதல்!” மழைக்காலம் முழுவதும் அவள் காத்திருந்த எண் அது.

அவளுடன் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த எபிசன் எட்டிப் பார்த்தான். “விளக்கை எவ்வளவு வச்சிருக்க?”

“முழுசா. குறைச்சா கணினியில கோடு நடுங்குது.”

“சாயா கிளாஸைப் பிடிச்ச கையாலயா பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்ப?”

“போலே, ஒனக்குப் பொறாமை” என்றாள். ஆனாலும் அவள் விரல் விளக்கின் குமிழை நாடியது.

குறைத்தாள், எண் இறங்கியது. இன்னும் குறைத்தாள், இன்னும் இறங்கியது. வாயில்லாத துகள், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் உண்மையைச் சொல்லிவிட்டது: அந்தச் சூட்டில் பெரும்பங்கு விளக்கினுடையது. மீந்தது, மெலிந்து நடுங்கும் ஒரு கோடு.

ரஷ்மியின் கண்கள் நிறைந்தன. எபிசன் கேலியை விட்டுத் தன் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டான்.

மங்கிய ஒளியில் இருவரும் காத்திருந்தார்கள். வடசேரிக்குப் போகும் பஸ் ஒன்று போயிற்று, அடுத்ததும் போயிற்று. அதன்பின் உயிரணுவின் நடுப்பகுதி மெல்ல ஒடுங்கியது.

“அப்பாடா!” என்றது அது, இரண்டு மகள்களாகிப் பிரியும் நேரத்தில்.

துகள் ஒரு மகளிடம் தங்கிவிட்டது. மற்றவள் வெறுங்கையோடு ஒதுங்கினாள்.

“துகள் இல்லாத அந்த மகளுக்க சூடு எவ்வளவு?” என்று கேட்டான் எபிசன்.

“யாருக்குத் தெரியும்? சுகமா இருக்கா, பாரு.”

ரஷ்மி விளக்கை அணைத்தாள். கிண்ணத்தை மூடி, கதகதப்பான வளர்ப்புப் பெட்டிக்குள் இரு கைகளாலும் ஏந்தி வைத்தாள்.

“நாளைக்கு மங்கின வெளிச்சத்துல, மெதுவாக் கேட்போம்” என்றாள்.