முதலில் செய்ய வேண்டியது

முதல் தரம் நான் பெயிலானபோது வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்ஸே சேர்ந்து பெயிலானது. அம்மாவுக்கு வாய் சும்மா இராது. மகள் யதுஷா டுபாய்க்குத் தாதியாகப் போகிறாள், அதற்கு லைசன்ஸ் பரீட்சை எழுதுகிறாள் என்று லிஃப்டில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். பரீட்சை கணினியில். முடித்த கையோடு திரையிலேயே முடிவு வந்துவிடும். அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த என்னிடம், லிஃப்டுக்குள் நின்ற நான்காம் மாடி அன்ரி, "என்ன பிள்ளை, எப்ப பயணம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் படியால்தான் ஏறி இறங்குகிறேன். எங்கள் வீடு ஆறாம் மாடி.

வெட்கமென்றால் கொஞ்ச நாளில் ஆறியிருக்கும். எனக்கு வந்தது பயம். டுபாய் ஆஸ்பத்திரிக்காரர்கள் எனக்கான இடத்தை இன்னுமொரு பரீட்சை வரைக்கும்தான் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதையும் கோட்டை விட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். புத்தகத்தில் தினமும் நானே கொடுக்கிற மருந்தின் பெயரைக் கண்டால்கூட, இது அதுதானா என்று மூன்று தரம் வாசித்தேன். இப்படியே போனால் என் பெயரையும் ஒருநாள் சந்தேகப்படுவேன் போலிருந்தது.

என் பிழையைக் கண்டுபிடித்தவள் நிம்றா. கொம்பனித்தெருக்காரி, என்னோடு ஒரே வாட்டில் வேலை. இதே பரீட்சையை முதல் தரமே பாஸ் பண்ணிவிட்டு விசாவுக்காகக் காத்திருந்தாள். கட்டில் விரிப்பு மாற்றும்போது அவள் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன். ஒருநாள் தலையணையை அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இங்க பாரு யது, எந்தக் கேள்வி வந்தாலும் நீ டொக்டருக்குத்தான் கோல் எடுக்கிறா. மூச்சு முட்டினாலும் கோல், ரத்தம் போனாலும் கோல். நீ போன் பேசி முடிக்கிற நேரத்தில நோயாளி மவுத்தாகிருவார்."

"வாட்டில அப்பிடித்தானே செய்யிறம்?"

"வாட்டில செய்ற. பரீட்சையில தாதி முதல்ல என்ன செய்யணும்னுதான் கேக்கிறான். டொக்டர் என்ன செய்வார்னு கேக்கல்ல."

உண்மைதான். எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு பெரிய டொக்டருக்குச் சொந்தம். சேர் என்று நாங்கள் கூப்பிடுகிற அவரைக் கேட்காமல் ஒரு குழாயையும் திறக்கவும் மாட்டோம், மூடவும் மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாடி குறைந்திருந்த ஒருவருக்கு ஒரு வேளை மாத்திரையை நிறுத்தி வைத்தேன். நோயாளியின் சொந்தக்காரருக்கு முன்னால் வைத்து சேர், "நீயா டொக்டர்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என் கை எதற்கும் முதலில் தொலைபேசிக்குத்தான் போகும். அந்தக் கையோடுதான் பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாந்தரத் திகதியை நிம்றாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்ணூறு படும் என்று நம்புகிறவள் நானில்லை. ஆனால் அம்மாவின் வாயை நம்பவும் நான் ஆளில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த சிவபாதசுந்தரம் ஐயாவுக்கு இரத்தம் ஏற்றத் தொடங்கினேன். வயிற்றுப் புண்ணால் இரத்தம் போய் வெளிறிக் கிடந்தார். இரத்தம் ஏற்றத் தொடங்கினால் கொஞ்ச நேரத்துக்குத் தாதி பக்கத்தை விட்டு அசையக்கூடாது. நின்றேன்.

"பிள்ளை, உந்த ஏசியைக் கொஞ்சம் குறைச்சு விடு. குளிருது."

"மற்றாக்களுக்கு ஏசி வேணுமாம் ஐயா. போர்வை தரட்டே?"

"தா. நாரியும் உளையுது. இந்தக் கட்டில் சரியில்லை."

போர்வையை எடுக்கப் போன கை நின்றுவிட்டது. குளிர், இடுப்பு வலி, இரத்தம் ஏறத் தொடங்கிச் சில நிமிடம்தான். இதை நிம்றா நூறு தரம் கேட்டிருக்கிறாள். அவர் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். என் கால் தன்பாட்டில் தொலைபேசிப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டது.

சேர் இந்த நேரம் சத்திரசிகிச்சையில் இருப்பார். எடுத்தால் எரிந்து விழுவார், எடுக்காமல் செய்தால் அதைவிட மோசம். ஒன்றுமில்லாத குளிருக்கு ஒரு பை இரத்தத்தை நான் வீணாக்கினேன் என்று ஆனால் இந்த வேலையும் போகும். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடியதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. திரும்பி வந்து குழாயை மூடினேன். அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, புதுக் குழாயில் சேலைன் போட்டேன். காய்ச்சலும் பிரஷரும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன். இலக்கங்கள் இரண்டு தரம் பிழைத்தன.

சேர் வந்தபோது, போனில் சொன்னபடி போட்ட ஊசியில் ஐயாவின் நடுக்கம் அடங்கியிருந்தது. காய்ச்சலும் பெரிதாக இல்லை.

"யாரைக் கேட்டு நிறுத்தினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நானாகத்தான் சேர்."

"இந்தக் குளிரில் எனக்கே நடுங்குகிறது. பையை லெப்புக்கு அனுப்பு. நாளைக்கு ரிப்போர்ட் வரட்டும், அதற்குப் பிறகு உன்னோடு கதைக்கிறேன்."

இரவு நித்திரை வரவில்லை. அம்மா, "ஏன் மூஞ்சி செத்துப் போய்க்கிடக்கு?" என்று கேட்டார். தலையிடி என்றேன்.

மறுநாள் வழக்கம்போல யூனிஃபோர்ம் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பரீட்சை நடக்கும் கொள்ளுப்பிட்டிக் கட்டடத்துக்குப் போனேன். வாசலில் காவலாளி பொக்கெட்டைச் சோதித்தார். பிளாஸ்டர் சுருள், பஞ்சு, சின்ன டோர்ச் என்று வந்துகொண்டேயிருந்தன. கடைசியில் போனையும் வாங்கி லொக்கருக்குள் வைத்துப் பூட்டினார். வாட்டிலிருந்து எது வந்தாலும் இனி எனக்குத் தெரியாது. ஐயாவுக்கு என்ன ஆனது என்ற நினைப்பை மட்டும் எந்த லொக்கரிலும் வைக்க முடியவில்லை.

பாதிக் கேள்விகள் தாண்டியபோது அது வந்தது. வராமல் விடாது என்று நிம்றா சொன்ன கேள்விதான். இரத்தம் ஏறும் நோயாளிக்குக் குளிர், முதுகு வலி. தாதி முதலில் செய்ய வேண்டியது என்ன?

இரண்டாவது விடை, டொக்டருக்கு அறிவித்தல். மூன்றாவது, இரத்தத்தை நிறுத்துதல். எனக்கு விடை தெரியும். ஆனால் நேற்று நிறுத்தினேனே, அது வெறும் குளிராக இருந்திருந்தால்? மௌஸைப் பிடித்த கை இரண்டாவது விடைக்கு மேலேயே நின்றது. "யாரைக் கேட்டு நிறுத்தினாய்?" காதுக்குள் கேட்டுக்கொண்டேயிருந்தது. திரையின் மூலையில் நேரம் ஓடியது. ஐயா கண்ணை மூடிய முகத்தை நினைத்தேன். நேற்றும் இதே பயத்தோடுதான் குழாயை மூடினேன், பயம் போன பிறகு அல்ல. மூன்றாவதை அழுத்தினேன்.

முடிவில் திரை வெளுத்துப்போய், கொஞ்ச நேரம் சும்மா சுழன்றது. பிறகு பாஸ் என்று காட்டியது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். லொக்கரைத் திறந்து போனைப் போட்டால் நிம்றாவின் மிஸ்ட் கோல் வரிசையாகக் கிடந்தது. படியிலேயே இருந்துவிட்டேன். ஐயா போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வேறெதற்கு இத்தனை தரம் எடுப்பாள்?

எடுத்தேன்.

"இவ்வளவு நேரமா பரீட்சை?" என்றாள் நிம்றா. "லெப் ரிப்போர்ட் வந்திச்சு. ரத்தக் குறூப் எல்லாம் சரிதான், இவர்ட ஒடம்புதான் அந்த ரத்தத்த ஏத்துக்கல்ல. முழுப்பையும் ஏறியிருந்தா ஆள் மிச்சமில்லையாம். சேர் ரிப்போர்ட்ட ரெண்டு தரம் வாசிச்சு, கையெழுத்து வெச்சிட்டுப் போய்ட்டார். இரு, இவர் உன்னோட பேசணுமாம், நீ பரீட்சையில எண்டாலும் கேக்கிறாரில்ல, காலையிலேருந்து ஒரே கரச்சல்."

போன் கைமாறியது.

"பிள்ளை," என்றார் சிவபாதசுந்தரம் ஐயா. "நேற்றே சொன்னனான். உந்த ஏசியை இன்னும் ஒருத்தரும் குறைக்கேல்லை."

"வாறன் ஐயா, வந்து குறைக்கிறன்" என்றேன். எனக்கு அன்று டியூட்டி இல்லை. ஆனால் யூனிஃபோர்ம் போட்டுத்தானே இருந்தேன். காவலாளியிடம் பிளாஸ்டர் சுருளையும் டோர்ச்சையும் திரும்ப வாங்கிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.