முதுகு மட்டும் தெரியும் படம்

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக ஊறி வந்ததல்ல. கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்டவர் பெரியம்மா. (எனக்குப் பெரியம்மா இல்லை, அந்த விடுதியில் எல்லோருக்கும் பெரியம்மா.) புருஷனின் அடிக்குத் தப்பி வரும் பெண்கள் தங்குவதற்காகத் தன் சொந்த வீட்டையே எழுதிக்கொடுத்துவிட்டு, பின்கட்டில் ஓர் அறையில் இருப்பவர். நன்கொடையாளர்கள் கூடும் ஆண்டு விழாவில் வாசிக்க ஒரு கதை வேண்டும் என்றார்.

"ரெண்டு இடத்துல கண்ணு கலங்கணும். ஆனா முடிவுல மனசு லேசாகணும். அழுதுக்கிட்டே இருந்தா பர்ஸைத் திறக்க மறந்துடுவாங்க."

தலையாட்டினேன். பெரியம்மாவிடம் மாட்டேன் என்று சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

முதல் தொடக்கம்: அந்த வீட்டின் கதவுகள் எப்போதும் திறந்தே [பொய். உள்ளே இரண்டு தாழ்ப்பாள்.]

இரண்டாவது: அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு [கூடாது. அங்கே முகம் எழுதுவதில்லை.]

2

முகம் எழுதுவதில்லை, எடுப்பதுமில்லை. அந்த விடுதியின் படங்களில் பெண்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். சமைக்கும் முதுகு, படிக்கும் முதுகு, சிரிக்கும் முதுகு. (முதுகு சிரிக்கும். தோளைப் பாருங்கள்.) முகத்தை மறைத்தால் ஆளை மறைத்துவிடலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

சென்ற ஆண்டு நன்கொடை கேட்டு ஒட்டிய சுவரொட்டியில் இருந்தது தையல்காரியின் முதுகு. மெஷின் முன் குனிந்து உட்கார்ந்திருப்பாள், இடது தோள் கொஞ்சம் தூக்கியபடி. கீழே விடுதியின் தொலைபேசி எண்.

அவளுக்கு ஒரு மகள். அந்தப் பிள்ளை பள்ளியில் இருந்த நேரத்தில்தான் தையல்காரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மறுநாள் போலீஸோடு திரும்பிப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. புருஷன் மகளைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனான் என்று இன்றுவரை தெரியவில்லை.

3

ஒரு பகலில் தொலைபேசி அடித்தது. எடுத்தது, அந்த வேலைக்கென்றே இருக்கும் அக்கா.

"ஆன்ட்டி, போஸ்டர்ல மெஷின்ல உட்கார்ந்திருக்கறது எங்கம்மா."

"அப்படி யாரும் இங்க இல்லம்மா."

"இருக்காங்க ஆன்ட்டி. அந்த முதுகு எனக்குத் தெரியும். அதுல சாஞ்சுக்கிட்டுதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்."

"இல்லம்மா. அப்படி யாரும் இல்ல."

பிறகு, "சரி ஆன்ட்டி. அப்படி யாராச்சும் வந்தாங்கன்னா, இப்ப நானே ஜடை போட்டுக்கறேன்னு சொல்லுங்க."

வைத்துவிட்டாள். அழைத்த எண்ணைக் காட்டும் வசதி அந்தப் பழைய தொலைபேசியில் இல்லை.

4

இந்த இடத்தில் அக்காவைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். சுலபமாக வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து, போய் அவரிடமே கேட்டேன்.

"யார் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் சொல்லணும். அது எங்க விதி. முன்னாடி ஒரு தடவை, இங்க இருந்த ஒரு பொண்ணோட தங்கச்சி பேசறேன்னு ஒரு குரல். 'இருக்காங்க'ன்னு சொல்லிட்டோம். தங்கச்சிதான் பேசினா. ஆனா பக்கத்துல அந்தப் பொண்ணோட புருஷன் நின்னுக்கிட்டிருந்தான். அந்தப் பொண்ணு இப்ப உயிரோட இல்ல."

அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லையாம். சாயங்காலமே போய்த் தையல்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். அவள் கேட்ட முதல் கேள்வி, "குரல் எப்படிக்கா இருந்துச்சு? சளி கட்டியிருந்துச்சா?" பிறகு, "நீங்க செஞ்சது சரிதான்க்கா" என்றிருக்கிறாள். அதன்பின் தொலைபேசி இருக்கும் கூடத்துக்கே மெஷினைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். மணி அடிக்கும்போதெல்லாம் அவள் கால் நின்றுவிடும். அந்தப் பிள்ளை மறுபடி அழைக்கவில்லை.

(நான் தையல்காரியிடம் ஒன்று கேட்டேன். மகளுக்குத் தெரிந்த முதுகு அவனுக்குத் தெரியாதா? "அவன் என் முதுகைப் பார்த்ததே இல்ல. எப்பக் கை ஓங்குவானோன்னு அவனைப் பார்த்துக்கிட்டேதான நான் இருப்பேன்" என்றாள். இதை எழுதிவிட்டு அன்று பேனாவை மூடிவிட்டேன்.)

5

முடிவுகள்.

அ) விழா மேடைக்கு ஒரு சிறுமி ஓடிவருகிறாள், "அம்மா!" [பெரியம்மா கேட்ட முடிவு. கைதட்டல் நிச்சயம். எனக்குக் கூசியது.]

ஆ) தையல்காரி தெருத்தெருவாகத் தேடிப் போகிறாள், ஒரு பள்ளி வாசலில் [அவன் நிற்கிறான். இந்த முடிவை அடித்துவிட்டேன்.]

இ) தையல்காரியே சொன்னது. "என் பொண்ணுக்கு மட்டும் புரியற மாதிரி ஒண்ணு எழுதிடுங்கம்மா. அவ கண்ணுல என்னைக்காவது படும்." தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தை என் காதோடு சொன்னாள். அதைக் கதையின் நடுவில் ஒரு வரியாக வைத்தேன். நான் எழுதியதிலேயே நல்ல வரி அது.

பெரியம்மா படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது வேணாம்."

"அவனுக்குப் புரியாது பெரியம்மா. அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான்."

"புரிஞ்சா அது குதிக்குமே! குழந்தை சந்தோஷத்தை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைக்கும்? அதை அடிச்சு உண்மையை வாங்கிடுவான். அப்புறம் இங்க வருவான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. பர்ஸுக்குப் பயப்படுகிறீர்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கண் நிறைந்துவிட்டது. "இந்த வீட்டை நான் கொடுத்தது ஒளிஞ்சுக்கறதுக்கு. ஒளிஞ்சா பெத்த பிள்ளைகிட்டயிருந்தும் ஒளியணும்னு அப்ப தெரியலம்மா எனக்கு" என்றார்.

[இந்த இடத்தில் அந்த வரி இருந்தது.]

6

ஆகவே, படிப்பவர்களே, மேலே சொன்னதில் பாதிக்கு மேல் மாற்றியிருக்கிறேன். மெஷின் மெஷின் அல்ல, ஜடையும் ஜடை அல்ல. எதை மாற்றவில்லை என்று கேட்காதீர்கள். இது விழாவில் வாசிக்கப்படவில்லை. அங்கே வேறொரு கதை போயிற்று. மனம் லேசாகி எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

தையல்காரி இன்னமும் கூடத்தில்தான் இருக்கிறாள். இந்தக் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த வரி இல்லை என்று தெரிந்ததும் ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையில் நூல் நுழையவில்லை.

எனக்கு முடிவு இல்லை. ஒரு பதில் மட்டும் இருக்கிறது. என்றாவது ஒரு பிள்ளை இதைப் படித்துவிட்டு, 'இதில் வருவது எங்கம்மாவா?' என்று கேட்டால் சொல்வதற்காக எழுதி வைத்தது. பெரியம்மா இதை இன்னும் பார்க்கவில்லை. வைப்பதா, அடிப்பதா, நீங்களே சொல்லுங்கள்:

அப்படி யாரும் இந்தக் கதையில் இல்லை, கண்ணு. நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டோம்.