மொட்டைச் சுவர்

தையல்காரி வேலை முடிந்து வந்தபோது வாசல் சுவர் மொட்டையாக நின்றது. ஏழு வருடமாக அவள் மாடி ஜன்னல்வரை ஏற்றிவிட்ட காகிதப்பூக் கொடி அடியோடு வெட்டப்பட்டு, குப்பைத் தொட்டியருகே குவிந்து கிடந்தது. மாடியில் குடியிருக்கும் கணவனின் அண்ணன்தான் வெட்டியிருந்தார். புதுக் காரின் மேல் பூ கொட்டுகிறதாம்.

கணவனிடம் கேட்டாள். அண்ணனிடம் போய் எப்படிக் கேட்பது என்று அவன் இழுத்தான். அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. கத்தரியோடு வாசலுக்குப் போய், குப்பை லாரி வருவதற்குள் முற்றிய தண்டுகளாகப் பொறுக்கி, சாண் நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே சாய்வாக நறுக்கினாள். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். முப்பது துண்டுகள் தேறின. இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணைப் பால் பாக்கெட்டுகளில் நிரப்பி, ஊன்றி, நிழலில் வரிசையாக வைத்தாள்.

இருக்கிற ஆத்திரத்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டாள். பாதி அழுகியது. அதற்கும் மூத்தவரைத்தான் திட்டினாள். மீதியில் தளிர் விட்டது. வேர் பிடித்ததா பார்ப்போம் என்று கணவன் ஒன்றை இழுத்தான். நூல் போல அப்போதுதான் கிளம்பியிருந்த வேர் அறுந்துபோனது.

"தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? அண்ணன் வெட்டுவாரு, தம்பி பிடுங்குவீங்க. நல்ல குடும்பம்."

அன்று முழுக்க அவன் அவள் கண்ணில் படாமலே நடமாடினான்.

இரண்டு மாதத்தில் ஒன்பது செடிகள் நிலைத்தன. கொடி போனதிலிருந்து மாடி ஜன்னலில் வெயில் நேராக அடித்ததால், மூத்தவரின் மனைவி இறங்கிவந்து ஒரு செடி கேட்டாள். அவர்தான் கேட்கச் சொன்னாராம்.

"வெட்டினவரையே வந்து கேக்கச் சொல்லுங்கக்கா."

அவர் வந்தார். ஒரு செடி கொடுத்தால் நன்றாயிருக்கும் என்றார். ஏன் வெட்டினீர்கள் என்று அவள் கேட்டதற்குக் காரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், திரும்பிப் படியேறிவிட்டார்.

அவள் ஒரு செடியோடு நேரே சுவரடிக்குப் போய்க் குழி தோண்டினாள். கணவன் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். தோண்டி முடித்தவன் மாடியை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, இங்க கொடி வைக்கிறோம். இனிமே காரைத் தெருவுல விட்டுக்குங்க."

மேலே ஜன்னல் சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் மூத்தவர் இறங்கிவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் காரை வெளியே எடுத்தார்.

கணவன் பெருமையாக அவள் பக்கம் திரும்பினான்.

"இதைச் சொல்ல ரெண்டு மாசமா?" என்றாள் அவள், மண்ணை மிதித்து இறுக்கியபடி.